உருளும் வீட்டுக்கு ஊன்றுகால்

மாசி மகம் நெருங்கிவிட்டால் மாத்தளை நகரத்திலே விருந்தினர் வராத தமிழர் வீடு எது? ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருவதைக் காண்பதற்கென்று கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் தோட்டப்புறங்களிலிருந்தும் வந்து குவிவோர் ஒரு புறம். கடல் கடந்து வருவோர் மற்றொரு புறம். அண்மையிலே ஒரு மாசி மகத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன், கனடா தேசத்திலே ரொறன்ரோ நகருக்கு அருகில் குடியேறிவிட்ட என் தங்கையின் மகன். மனைவியும் இரு குழந்தைகளும் உடன் வந்திருந்தார்கள்.

தூர தேசத்திலிருந்து வருபவன் வெறுங்கையோடு வருவானா? குழந்தைகளுக்கு இனிப்பும், அவன் மாமிக்குக் கம்பளிச் சால்வையும் வந்தன. எனக்கென்று அவன் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டியது, துப்பாக்கியைப் போல வடிவமைந்த ஒரு மின்துறப்பணம்! கம்பி இல்லை, சுவரிலே செருக வேண்டிய முனையும் இல்லை. பிடியின் அடியிலே ஒரு பற்றரி. அந்தப் பற்றரியை மட்டும் தனியே கழற்றிக் கைப்பையிலே வைத்துக்கொண்டு விமானத்தில் வந்திருந்தான். உதிரியாகக் கொண்டுவரும் இலிதியம் பற்றரியைச் சாமான் அறையிலே போடுவதற்கு விமான விதிகள் இடங்கொடா.

துறப்பணம் என்ற சொல் இளைய தலைமுறையினருக்குப் புதிதாக இருக்கலாம். நம் தச்சர்கள் மரத்திலே துளையிடுவதற்கு வில்லும் கயிறும் கொண்டு இழுத்துச் சுழற்றிய கருவிக்கு அதுவே பெயர். என் சிறு வயதிலே எங்கள் வீட்டுக் கதவுக்கு நிலை செதுக்க வந்த ஆசாரியார், ஒரு கையாலே தலைப்பை அழுத்தி, மறு கையாலே வில்லை முன்னும் பின்னும் இழுக்க, மரத்தூள் சுருள் சுருளாக மேலே எழும்பியதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றவன் நான். வில் போய் மின்சாரம் வந்தது. பின்னர் கம்பியும் போயிற்று. ஆனாலும் வேலை அதே வேலைதான். ஆகவே அந்தப் பழைய சொல்லையே இங்கும் கையாளுகிறேன்.

“இதனாலே நான் இதுவரை பத்துத் துளைகூடப் போட்டதில்லை, மாமா. என் வீட்டைத் தூக்கி நிறுத்துவதற்கே இது எனக்கு வேண்டியிருக்கிறது” என்றான் மருமகன்.

வீட்டைத் தூக்கி நிறுத்துவதா? அவன் என்ன அனுமானா என்று என் மனைவி கேட்டாள். அப்பொழுதுதான் அவன் தன் உருளும் வீட்டைப் பற்றிச் சொன்னான்.

அந்நாட்டிலே கோடை காலம் குறுகியது. அந்தச் சில மாதங்களிலே குடும்பத்தோடு காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் சென்று தங்கிவருவது பலருக்கு வழக்கம். அதற்கென்று இரண்டு சக்கரமோ நான்கு சக்கரமோ பூட்டிய ஒரு வீட்டை மோட்டார் வண்டியின் பின்னாலே கொளுவி இழுத்துச் செல்கிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி யாவும் உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தின் அல்கொங்குவின் வனப்பூங்கா 1893ஆம் ஆண்டிலே ஏற்படுத்தப்பட்டது. என் மருமகன் ஆண்டுதோறும் ஆடி மாதத்திலே தன் உருளும் வீட்டோடு போய்த் தங்குவது அங்கேதான்.

இத்தகைய வீடு இன்றைக்கு நேற்றைக்கு உண்டானதன்று. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை வைத்தியர் 1885ஆம் ஆண்டிலே பிரிஸ்டல் நகரத்துப் பட்டறையொன்றிலே தமக்கென்று 18 அடி நீளமான ஒரு வண்டி வீட்டைச் செய்வித்தார். இரண்டு குதிரைகள் அதை இழுத்தன. பிழைப்புக்காக அன்றி, உல்லாசமாகச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே எழுந்த முதல் உருளும் வீடு அதுவே என்று பலரும் கூறுவர். ‘வாண்டரர்’, அதாவது அலைந்து திரிபவன், என்று அதற்குப் பெயர் சூட்டினார்.

இதைக் கேட்டபொழுது என் உள்ளம் வேறெங்கோ சென்றது. எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையிலே இறங்கி, தம்புள்ளை வழியாகக் காடும் காய்ச்சலும் கடந்து, கால்நடையாகவே மாத்தளை வந்து சேர்ந்தவர்கள். தலையிலே ஒரு மூட்டை. அதுவே அவர்களுடைய வீடு. அவர்களுடைய வழித்தோன்றல் இன்று நான்கு சுவரும் கூரையும் கட்டிலும் அடுப்பும் இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறான்!

போகட்டும். இழுத்துச் செல்வது எளிது. நிறுத்துவதிலேதான் சங்கடம் இருக்கிறது. பழைய மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். மாடுகளை அவிழ்த்துவிட்டால் வண்டி என்ன செய்கிறது? அச்சின் மேலே துலாக்கோல் போல ஆடி, முன்னே குப்புற விழுகிறது. அதனாலேதான் ஏர்க்காலின் கீழே ஒரு கட்டையை ஊன்றுவார்கள். உருளும் வீட்டுக்கும் அதே கதிதான். மோட்டாரிலிருந்து கழற்றியபின் முன்புறத்தைத் தாங்குவதற்கு ஒரு திருகுக்கால் உண்டு. அது மட்டும் போதாது. வீடு வில்தட்டுகளின் மேலே, காற்றடைத்த சக்கரங்களின் மேலே நிற்கிறது. உள்ளே ஒருவர் எழுந்து நடந்தால் வீடு முழுவதும் ஊஞ்சலாடும். கட்டிலிலே குழந்தை புரண்டால் அடுப்பிலே தேநீர் சிந்தும். இந்த ஆட்டத்தை அடக்குவதற்காக வீட்டின் நான்கு மூலைகளிலும், சட்டத்தின் அடியிலே, கத்தரிக்கோலைப் போல விரியும் நான்கு திருகுயர்த்திகளைப் பொருத்தியிருக்கிறார்கள். நம் வான்களிலே சக்கரம் மாற்றுவதற்கு வைத்திருக்கிறோமே, ‘ஜக்’ என்று, அதன் உடன்பிறப்பு. ஊன்றுகால் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நான்கு ஊன்றுகால்களையும் தரைமட்டும் இறக்குவதற்குக் கைபிடியாலே திருகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாற்பது சுற்று என்று வைத்தாலும், இறக்குவதற்கு 160. மறுநாள் ஏற்றுவதற்கு 160. மழையிலே, சேற்றிலே முழந்தாளிட்டு 320 சுற்றுச் சுற்றுபவனுக்கு உல்லாசம் எங்கிருந்து வரும்? அதனாலே அந்நாட்டவர் ஓர் உபாயம் கண்டார்கள். திருகின் தலை ஆறு பக்கம் கொண்டது. அதற்குப் பொருந்தும் ஒரு குழிச்சாவியைத் துறப்பணத்தின் வாயிலே கௌவவைத்து விசையை அழுத்தினால், தாழ்ந்த கியரிலேயே நிமிடத்துக்கு நானூறு சுற்றுப் போகும். நாற்பது சுற்றுக்கு ஆறு விநாடி! நான்கு மூலைக்கும் ஒரு நிமிடம் போதும்.

நான் கல்லூரியிலே பௌதிகம் போதிப்பவன். திருகுயர்த்தி என்ற சொல் காதில் விழுந்தால் சும்மா இருப்பேனா? மருமகனின் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். உங்கள் வீட்டிலே மாணவர்கள் இருந்தால் அவர்களும் காகிதம் பென்சிலோடு பார்க்கலாம்.

கைபிடியின் நீளம் 35 சென்ரிமீற்றர். திருகின் புரியிடைத் தூரம் 1 சென்ரிமீற்றர். கைபிடியை ஒரு முறை சுற்றினால் நமது கை போகும் தூரம் வட்டத்தின் பரிதி; அதாவது 2 × 22/7 × 35 = 220 சென்ரிமீற்றர். சுமை உயர்வதோ 1 சென்ரிமீற்றர். ஆகவே வேகவிகிதம் 220. உராய்வே இல்லையென்றால் ஒரு கிலோ எடையின் பலம் 220 கிலோவை உயர்த்திவிடும். உண்மையிலே உராய்வு முக்காற்பங்கை விழுங்கிவிடும் என்று கொண்டால் 55 கிலோ. அப்பொழுதும் பத்துக் கிலோ எடையின் பலத்தாலே ஐந்நூற்றைம்பது கிலோவை ஒரு சிறுவன் உயர்த்திவிடுகிறான்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உராய்வைத் திட்டுவது மாணவர் வழக்கம். ஆனால் திருகுயர்த்தியிலே உராய்வுதான் காவற்காரன். கையை எடுத்துவிட்டாலும் சுமை திருகைப் பின்னோக்கிச் சுழற்றி இறங்கிவிடாமல் தடுப்பது அதுவே. வினைத்திறன் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே இருக்கும் திருகே இவ்வாறு தானாகத் தரித்து நிற்கும். திறமை குறைந்திருப்பதனாலேயே நம்பத் தகுந்ததாக இருக்கும் ஒரு பொறி! கத்தரி வடிவத்து உயர்த்தியிலே இன்னொரு விசேஷமும் உண்டு. கைகள் படிந்து தாழ்ந்திருக்கும்பொழுது திருகுவது மிகக் கடினம். நிமிர நிமிர இலேசாகும். பாரமான வண்டிக்கு அடியிலே தாழ்ந்த ஜக்கை வைத்துத் திருகியவர்களின் தோளைக் கேளுங்கள், சொல்லும்.

இவ்வளவையும் கரும்பலகை இல்லாமலே விளக்கிவிட்ட பெருமையோடு அன்றிரவு உறங்கப் போனேன். அந்தப் பெருமை மறுநாள் மாலைவரைதான் நிலைத்தது.

மறுநாள் இறத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலே வசிக்கும் எங்கள் பெரியம்மாவைப் பார்த்துவரப் புறப்பட்டோம். வாடகைக்கு அமர்த்திய வானின் சாரதி, என்னிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் படித்த மாணவன். பெரியம்மாவின் கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று கேள்விப்பட்டு மருமகன் துறப்பணத்தையும் குழிச்சாவிப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். தாழ்ப்பாள் சீராயிற்று, கிழவிக்குப் பரம திருப்தி. மாலையிலே இறங்கி வருகையில், நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலுக்குள்ளே மறைந்துகொண்டிருந்த நேரத்திலே, வானின் இடப்பக்கத்துப் பின்சக்கரம் காற்றுப் போயிற்று. வீதியோ ஒரே இறக்கம்.

எல்லாரும் இறங்கினோம். சாரதி வண்டியை முதலாம் கியரிலே போட்டு, கைத்தடையை இழுத்துவிட்டு வந்தான். கைத்தடை பழையது, அரைகுறையாகவே பிடிக்கும் என்பது பின்னர் தெரிந்தது. உதவிக்கு வந்த பையன் ஒரு கருங்கல்லைத் தூக்கி முன்சக்கரத்துக்கு முட்டாக வைத்தான். ஜக் உரிய இடத்திலே அமர்ந்தது. கைபிடியை எடுக்கப்போன சாரதியை என் மருமகன் தடுத்தான்.

“எதற்குத் தம்பி சிரமம்? ஆறு விநாடி!”

துறப்பணம் உறுமிற்று. வான் ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் புன்னகையோடு பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். சக்கரம் தரையை விட்டது. அந்தக் கணத்திலேயே வான் முன்னோக்கி ஒரு சாண் நகர்ந்தது. ஜக் முன்பக்கமாகச் சாய்ந்தது. பின் வழுக்கி விழுந்தது. இரும்பு நிலத்தில் மோதிய ஓசை மலையெங்கும் எதிரொலித்தது. உதிரிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்த என் இளைய மகளின் பாதத்துக்கும் விழுந்த இடத்துக்கும் இடையே இருந்த தூரமும் ஏறக்குறைய ஒரு சாண்தான்.

யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் நெடுநேரம் யாரும் பேசவில்லை.

வான் ஏன் நகர்ந்தது? வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே சிந்தித்தேன். காரணம் ஒன்றன்று, மூன்று. முதலாவது, கல் வைத்த பக்கம். வண்டி இறக்கத்தை நோக்கி நிற்கிறது; கல் சக்கரத்துக்கு முன்னே இருக்கவேண்டும். பையன் வைத்ததோ பின்னே. இரண்டாவது, தளர்ந்த கைத்தடை. மூன்றாவது சற்று நுட்பமானது. கியரிலே போட்டிருக்கிறேனே என்று நம்பினான் சாரதி. அந்த நம்பிக்கை இரண்டு பின்சக்கரங்களும் தரையிலே இருக்கும்வரை செல்லும். பின் அச்சின் நடுவிலே ‘டிபரன்சியல்’ என்று பட்டறையிலே சொல்லும் ஒரு பற்சக்கரக் கூட்டம் இருக்கிறது. வளைவிலே திரும்பும்பொழுது வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்றவேண்டுமல்லவா? அதற்கு இடங்கொடுப்பது அதுவே. அதனால், எஞ்சின் அச்சைப் பிடித்து வைத்திருந்தாலும், ஒரு சக்கரம் அந்தரத்திலே ஏறிவிட்டால் அது ஒரு திசையிலே சுற்ற, தரையிலுள்ள மற்றது எதிர்த் திசையிலே தாராளமாக உருளலாம். ஜக் எந்தச் சக்கரத்தைத் தூக்குகிறதோ, அந்தச் சக்கரத்தோடு கியரின் பிடியும் தூக்கப்பட்டுவிடுகிறது!

துறப்பணம் இதிலே குற்றவாளியா? இல்லை என்பதே என் தீர்ப்பு. கையாலே திருகியிருந்தாலும் கல் அதே பக்கத்திலேதான் இருந்திருக்கும். ஆயினும், கையாலே திருகுபவன் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு கணம் ஓய்கிறான். அந்தக் கணத்திலே ஜக்கின் சாய்வு கண்ணிலே படுகிறது. வண்டியின் முனகல் காதிலே விழுகிறது. ஆறு விநாடியிலே எதைப் பார்ப்பது? எதைக் கேட்பது?

சக்கரத்தை மாற்றி முடித்தபின் சாரதி கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். மரியாதை குறையாமலே சொன்னான்: “சேர், வேகவிகிதம் எல்லாம் படிச்சுக் குடுத்தீங்க. இப்பவும் ஞாபகம் இருக்கு. கல்லு எந்தப் பக்கம் வைக்கணும்னு சொல்லித் தரலையே, சேர்.”

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவு உணவுக்குப் பின் மருமகன் தானாகவே வாயைத் திறந்தான். வீட்டைத் தூக்கி நிறுத்துவேன் என்று முதல்நாள் பெருமையடித்தது பிழை என்றான். ஊன்றுகால்கள் தூக்குவதற்கானவை அல்ல. அதை அவன் கற்றுக்கொண்டது அல்கொங்குவினிலே, ஓர் ஆடி மாத மாலையிலே. நிலம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சக்கரத்தின் கீழே பலகை வைத்து மட்டப்படுத்துவதற்குச் சோம்பி, தாழ்ந்த மூலையின் ஊன்றுகாலைத் துறப்பணத்தாலே முடுக்கிக்கொண்டே போனான். வீடு உயர்ந்தது, நீர்மட்டம் சரியாகக் காட்டிற்று. சற்று நேரத்திலே கதவு மூட மறுத்தது. சட்டம் முறுகிவிட்டது! இறக்கலாம் என்று திரும்பும்பொழுது ஊன்றுகால் வளைந்து மடங்கிற்று. உள்ளே கட்டிலிலே படுத்திருந்தவர் அவனுடைய தந்தை, என் மைத்துனர். அவர் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எங்களுக்கு அன்று வந்த கடிதத்திலே, குளியலறையிலே வழுக்கி விழுந்ததாகத்தான் எழுதியிருந்தது.

“அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாமா. அதுதான் கஷ்டமாக இருந்தது” என்றான்.

அதன் பிறகு அவன் கைக்கொள்ளும் முறையை விவரமாகச் சொன்னான். முதலிலே பக்கவாட்டு மட்டம். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகைமேலே ஏற்றவேண்டும். இது மோட்டாரோடு கொளுவியிருக்கும்பொழுதே முடியவேண்டிய வேலை. அடுத்துச் சக்கரங்களுக்கு இரு புறமும் முட்டுக்கட்டை. அதற்குப் பிறகே மோட்டாரைக் கழற்றலாம். முன்திருகுக்காலாலே முன்பின் மட்டத்தைச் சரிசெய்து, கடைசியிலேதான் மூலை ஊன்றுகால்கள். மண் இளகியிருந்தால் அவற்றின் அடியிலே சிறு பலகைகள். துறப்பணத்தைத் தரைக்கு ஓர் அங்குலம் மேலேயே நிறுத்திவிடுகிறான். மிச்சத்தைக் கைபிடியாலே திருகுகிறான். பாதம் மண்ணைத் தொட்டபின் ஒரு சிறு முடுக்கு, அவ்வளவே. வீட்டின் பாரம் சக்கரத்திலேயே இருக்கவேண்டும். ஊன்றுகாலுக்கு உரியது ஆட்டத்தை அடக்கும் வேலை மட்டுமே. புறப்படும்பொழுது இந்த வரிசை தலைகீழாக நடக்கும். ஊன்றுகாலை ஏற்ற மறந்து வண்டியை எடுத்தவர்களின் கதைகள் அந்த வனப்பூங்காவிலே ஏராளமாம்.

மணிக்கட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். துறப்பணம் திருகைச் சுழற்றுகிறது. திருகு துறப்பணத்தைச் சுழற்றப் பார்க்கிறது. நியூற்றனின் மூன்றாம் விதி வேலை நாள், விடுமுறை நாள் என்று பார்ப்பதில்லை. 50 நியூற்றன் மீற்றர் முறுக்கம் தரக்கூடிய துறப்பணத்தின் திருகு திடீரென்று இறுகி நின்றுவிட்டால், அச்சிலிருந்து 12½ சென்ரிமீற்றர் கீழே பிடியைப் பற்றியிருக்கும் கைமீது 400 நியூற்றன், அதாவது ஏறக்குறைய நாற்பது கிலோ எடையின் பலம், ஒரே கணத்திலே பாய்கிறது. இதனால்தான் பெரிய துறப்பணங்களுக்குப் பக்கத்திலே இரண்டாவது பிடி வைத்திருக்கிறார்கள். விண்வெளியிலே இத்தொல்லை இன்னும் வேடிக்கையானது. கால் ஊன்ற நிலமில்லாத இடத்திலே மரையாணியை முடுக்கினால், மரையாணி நிற்கும், மனிதன் சுற்றுவான்! அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஜெமினி திட்டத்துக்காக, ஆளைச் சுழற்றாத ஒரு முடுக்குக் கருவியையே தனியாக ஆக்கவேண்டியதாயிற்று. அதை ஆக்கியவர்கள், 1961ஆம் ஆண்டிலே முதன்முதலாகக் கம்பியில்லாத் துறப்பணத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்தினரே. 1971ஆம் ஆண்டிலே அப்பலோ 15 சந்திரனுக்குச் சென்றபொழுது, சந்திர மண்ணைத் துளைத்தெடுப்பதற்குப் பற்றரியால் இயங்கும் துறப்பணம் ஒன்று கூடச் சென்றது. உள்ளே இறங்கிய குழாயை வெளியே இழுப்பதற்கு அந்த வீரர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

அக்காலத்துப் பற்றரி நிக்கலும் கட்மியமும் கொண்டது. பாரம் அதிகம், உழைப்புக் குறைவு. இலிதியம் அயன் பற்றரி வந்த பிறகே துறப்பணம் இவ்வளவு சிறிதாகவும் வலிதாகவும் ஆயிற்று. அப்பற்றரிக்காகக் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு கிடைத்தது. அதன் ஒரு முனையிலே இருப்பது காரீயம், நாம் பென்சிலிலே காண்பது. போகலையிலும் கஹட்டகஹவிலும் நம் நாட்டுச் சுரங்கங்கள் உயர்ந்த ரகக் காரீயத்துக்குப் பேர்போனவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபொழுது, கனடாவிலே பிறந்த அந்தச் சிறுவன் பற்றரியைக் கையிலே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

தூக்குவதற்கென்றே செய்த திருகுயர்த்திகள் என்னென்ன சாதித்திருக்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம். சிக்காகோ நகரம் ஏரிக்கரையிலே சேற்றின்மேல் எழுந்த நகரம். கழிவுநீர் வடிய வழியில்லை. கொள்ளைநோய் வந்து போயிற்று. 1850களிலே, தெருக்களின் மட்டத்தையே உயர்த்துவது என்று நகரத்தார் தீர்மானித்தார்கள். தெரு உயர்ந்தால் கட்டடங்கள் பள்ளத்திலே கிடக்குமே! கட்டடங்களையும் உயர்த்தினார்கள். 1860ஆம் ஆண்டிலே லேக் வீதியின் ஒரு பக்கத்துக் கட்டட வரிசை முழுவதையும், கடைகளும் காரியாலயங்களும் உள்ளே இருக்க, அறுநூறு பேர் ஆறாயிரம் திருகுயர்த்திகளைக் கொண்டு ஐந்து நாளிலே 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள். ஒருவருக்குப் பத்துத் திருகு. சைகை கிடைத்ததும் எல்லாரும் ஒரே அளவாகத் திருகுவார்கள். மறுபடியும் சைகைக்குக் காத்திருப்பார்கள். ஒருவன் அவசரப்பட்டு அரைச் சுற்று அதிகம் சுற்றினால் அவன் தலைக்கு மேலே சுவர் பிளக்கும். அவ்வேலையை ஏற்றுச் செய்தவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் புல்மன் என்பவரே பின்னர் படுக்கையோடு கூடிய புகையிரதப் பெட்டிகளைக் கட்டிப் பெரும் புகழ் பெற்றார். அவரும் உருளும் வீட்டுக்கே வந்து சேர்ந்தார் பாருங்கள்!

மாசி மகத்தன்று தேர் பார்க்கச் சென்றோம். இத்தனை ஆண்டுகளாக நான் தேரிலே பார்த்தது அலங்காரத்தையும் அம்மனின் திருமுகத்தையும். வடம் பிடிப்பவர்களின் ஆரவாரத்தையும் கண்டிருக்கிறேன். இம்முறை என் கண் சக்கரத்தின் அருகிலேயே நின்றது. முட்டுக்கட்டைக்காரர்களைச் சொல்கிறேன். ‘முட்டுக்கட்டை போடாதே’ என்று ஒருவரை ஏசுகிறோம். அந்தச் சொல்லுக்கு இப்படி ஓர் அவப்பெயர் எப்படி வந்ததோ! ஆயிரம் பேர் ‘அரோகரா’ என்று இழுக்கையில், கட்டை பிடிப்பவர் வாய் திறப்பதில்லை. குனிந்தபடி, சக்கரத்தோடு பக்கமாகவே நடக்கிறார். தேர் எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பதை அது சாய்வதற்கு முன்னரே அறிந்து, கட்டையை உரிய பக்கத்திலே உரிய கணத்திலே செருகி, கையை இழுத்துக்கொள்கிறார். வீதி சற்றே இறங்கும் ஓரிடத்திலே அவர் கட்டையை வைத்தது சக்கரத்துக்கு முன்னே. என் மகள் என் கையைச் சுரண்டி, அதைக் காட்டினாள்.

விருந்தினர் விமானம் ஏறிய அடுத்த திங்கட்கிழமை, எங்கள் அயலவர் ஒருவரிடம் ஒரு பழைய ஜக்கை இரவல் வாங்கி வகுப்புக்குத் தூக்கிச் சென்றேன். கூடவே ஒரு சரிந்த பலகை, ஒரு விளையாட்டு லொறி, ஒரு செங்கல் துண்டு. வேகவிகிதக் கணக்கை வழக்கம்போலக் கரும்பலகையிலே எழுதினேன். எழுதி முடித்து, லொறியைப் பலகையிலே இறக்கத்தை நோக்கி வைத்து, செங்கல்லை மேசையிலே போட்டுவிட்டு, “இதை எங்கே வைப்பீர்கள்?” என்று கேட்டேன்.

முப்பத்திரண்டு மாணவர்களிலே பத்தொன்பது பேர் முன்னே என்றார்கள். ஒன்பது பேர் பின்னே என்றார்கள். மூவர் பேசவில்லை. கடைசி வரிசையிலே, எப்பொழுதும் கணக்கிலே தோற்கும் ஒரு பையன் எழுந்தான். அவன் தந்தை தோட்டத்திலே லொறி ஓட்டுகிறார். “சேர், முதல்ல பெரிய பள்ளம் எந்தப் பக்கம்னு இறங்கிப் பார்க்கணும். அப்புறம் ரெண்டு பக்கமும் வைக்கணும். ஒரு கல்லு பத்தாது” என்றான்.

அலுமாரியிலிருந்து இன்னொரு செங்கல்லை எடுத்துவரும்படி அவனையே அனுப்பினேன்.